ஏழு அடிக் கோடு

எங்கள் அறையின் தரையில் ஒரு சோக்குக் கோடு இருந்தது. சுவரிலிருந்து சரியாக ஏழு அடி. கோட்டுக்கு இந்தப் பக்கம் என் பாய், அந்தப் பக்கம் என்னோடு அறையில் தங்கியிருந்த அக்காவின் கட்டில். புதிதாக வருகிறவர்கள், எங்களுக்குள் ஏதோ சண்டை, அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கார அன்ரி வீடு கழுவும்போது கோடு அழிந்துவிடும். அன்று பின்னேரமே அக்கா அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு முழங்காலில் நின்று மறுபடி கீறிவிடுவார். அதில் ஒரு நூல் கூடவோ குறையவோ விடமாட்டார்.

"இந்தக் கோடு எதுக்குங்கக்கா?" என்று வந்த முதல் வாரமே கேட்டேன்.

"நான் கீறுற படம் முடியட்டும். முடிஞ்ச உடனை சுவரில மாட்டுவன். நீர் இந்தக் கோட்டில நிண்டு பாக்கலாம். அதுவரைக்கும் இதை மிதியாமல் நடவும், பிள்ளை."

மூன்று வருடம் மிதிக்காமல் நடந்தேன். இன்றைக்கும் ஓர் அறையின் நடுப்பகுதிக்கு வந்தால் என் கால் தானாகக் கொஞ்சம் எட்டி வைக்கிறது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றின் கடைசிக்கு முந்திய வீடு அது. யுத்த காலம். அநேகமான வீடுகளில் அறைக்கு நான்கு பேர், ஐந்து பேர்; எங்கள் அறையில் மட்டும் நாங்கள் இருவர். வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள், ஊருக்குத் திரும்பப் பாதை திறக்கும் என்று காத்திருப்பவர்கள், எதற்கென்று தெரியாமலே காத்திருப்பவர்கள். எல்லோரும் பொலிஸ் பதிவுத் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்து மடித்து வைத்திருந்தோம். நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூப் பார்க்கிற வேலை. வயது இருபத்தாறு, வாய் அதைவிடப் பெரிது. அக்காவுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நேரம் கிடைக்கேல்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உடுப்புத் தோய்க்கப் போய்விடுவார்.

அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வரைபடம் கீறுவது அவர் உத்தியோகம். வரைபடத்தில் மணலைப் புள்ளிகளால்தான் காட்டுவார்கள். கடற்கரை வந்தால் புள்ளி, ஆற்றுப்படுகை வந்தால் புள்ளி. மெல்லிய முனையுள்ள பேனையால் ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். அவசரப்பட்டால் புள்ளிக்கு வால் முளைத்துவிடும். வால் முளைத்ததைப் பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி குத்த வேண்டும். இருபது வருடமாக அக்கா இதைத்தான் செய்துகொண்டிருந்தார். "இந்த நாட்டில மணல் கிடக்கிற இடமெல்லாம் என்ர கை பட்டிருக்கு" என்பார். அவர் பெருமை அடித்து நான் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

கந்தோர் விட்டு வந்ததும் ஒரு தேத்தண்ணி குடிப்பார். பிறகு பலகையில் பொருத்திய தடித்த தாளைப் பழைய பத்திரிகையால் மூடிக்கொண்டு, முக்காலியும் நான்கு மைப் போத்தலுமாக ஒழுங்கை முடிவுக்குப் போவார். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அவ்வளவுதான். அங்கே ஒரு வீட்டுப் பின்மதிலின் மறைவில் குந்திக்கொள்வார். எதிரே ரயில் பாதை, அதற்கப்பால் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பெரிய கற்கள், அதற்கப்பால் கடல்.

மையைக் கலப்பது அவருக்கு அசிங்கமான காரியம். பச்சை வேண்டுமென்றால் நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி வைப்பார். ஒன்றையொன்று தொட விடமாட்டார்.

"கலந்தால் செத்துப்போகும் பிள்ளை. பக்கத்தில பக்கத்தில வைச்சு விட்டால் பாக்கிறவையின்ர கண் கலக்கும். கண் கலக்கினால்தான் வெளிச்சம் வரும்."

அவருக்கு வேண்டிய வெளிச்சம் சூரியன் கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும். பத்து நிமிஷம்கூட நிற்காது. கல்லோரம் ஊதா, நடுக்கடல் துலக்கிய பித்தளை, இரண்டுக்கும் இடையில் பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அது மாறியவுடன், குத்த எடுத்த பேனையை அப்படியே தூக்கிவிடுவார். "சரி, போட்டுது" என்று போத்தல்களை மூடுவார். பாதிக் கல்தான் கீறியிருந்தாலும் அவ்வளவுதான். மேகம் மூடிய நாளில் வேலை இல்லை. ரயில் வந்தால் அது கடந்து போகும்வரை பேனை அந்தரத்தில் நிற்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்காக ஒரு புள்ளியும் விழாது.

"கடல் எங்கக்கா ஓடிறப் போகுது? வீட்டில லைட்டப் போட்டு மிச்சத்த வச்சிருங்களேன்" என்றேன் ஒருநாள்.

"இல்லாத வெளிச்சத்தை எப்பிடி வைக்கிறது? அது பொய்யெல்லோ" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் நான் ஏதோ திருடச் சொன்ன மாதிரி இருந்தது.

போய்விட்டது என்பதற்கான அந்தப் 'போட்டுது' என்ற சொல்லை அவர் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தார். கரண்ட் நின்றால் போட்டுது. பஸ் தப்பினால் போட்டுது. சமாதானப் பேச்சு முறிந்ததென்று ரேடியோவில் செய்தி வந்தபோது வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, சோற்றில் குழம்பை ஊற்றியபடி அதையே சொன்னார்.

அவரோடு சேலை வாங்கப் போவது ஒரு தண்டனை. காலி வீதிக் கடையில் சேலையை ட்யூப் லைட்டின் கீழே பார்க்க மாட்டார். தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடப்பார். அங்கும் திருப்தி வராது, நடைபாதைக்கு இறங்கிவிடுவார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கடைப் பொடியன் பின்னால் ஓடுவான். "அக்கா, உங்களுக்கு நீலம் வேணுமெண்டுதானே கேட்டனீங்க?" என்று முதலாளி உள்ளேயிருந்து கத்துவார். "இது நீலமில்லை. உங்கட லைட்டுக்குத்தான் நீலம்" என்று றோட்டிலிருந்து பதில் போகும். நான் யாரோ தெரியாதவள்போல் பக்கத்துக் கடை வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, மலை முழுக்கத் தேயிலை, ஒரே பச்சை என்றேன்.

"எத்தினை மணிக்கு?"

"தேயிலை எந்நேரமும் பச்சைதானுங்கக்கா!"

அக்கா புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவே இல்லை. பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, காலை ஆறு மணிக்கு லயத்து வாசலில் நின்று வேண்டுமென்றே பார்த்தேன். மலை நீலமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சாம்பல். பிறகு, ஒரு நொடிதான், ரோஸ். பச்சை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது. கொழும்புக்குத் திரும்பி வந்து அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் புன்னகையை மறுபடி பார்க்க வேண்டி வருமே.

ஆனாலும் மாலைகளில் நான் அவரோடு போனேன். கரையோரத்தில் படம் எடுக்கவோ கீறவோ கூடாது என்ற காலம். ரயில் பாதையோரமாகக் கொஞ்சம் தள்ளி ஒரு காவலரண் இருந்தது. அக்காவுக்குக் கடலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அதனால் காவல் நான். பாதையைத் தாண்டி, கல்லொன்றின் மேல் குடையோடு உட்கார்ந்து காவலரணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிப்பாய் யாராவது இந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினால் குடையை விரிப்பேன். அக்கா பலகையைப் பத்திரிகையால் மூடிவிட்டு வாங்கி வந்த மரவள்ளிப் பொரியலை எடுத்துத் தின்னத் தொடங்குவார். படம் எப்படி வருகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. முடியும்வரை பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைத்திருப்பார். பக்கத்தில் குனிந்து இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பார்த்தால் வெறும் புள்ளி.

இந்தப் புள்ளிப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதுதான் விஷயம்.

ஏதோ ஒரு கப்பல் கம்பனி எந்தக் காலத்திலோ கொடுத்த கலண்டரின் ஒரு தாளை அக்கா சுவரில் ஒட்டி வைத்திருந்தார். வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றின் ஓவியம். கீறியவர் யாரோ பிரெஞ்சுக்காரர் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. பாறைகள், இரண்டு மரம், சாயங்கால வெயில் படிந்த தண்ணீர். கந்தோரில் வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து அக்கா ஒருநாள் அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறார். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நான்கே நிறப் புள்ளிகள், வரிசை வரிசையாக. வேறொன்றும் இல்லை.

"அண்டைக்கு எனக்கு நித்திரையே வரேல்ல பிள்ளை. நான் மணலுக்கு வைக்கிற புள்ளியை அந்தாள் வெளிச்சத்துக்கு வைச்சிருக்கிறார். நானும் அதே வேலைதானே செய்யிறன் எண்டு நினைச்சன். இருபது வருசம் வீணாப் போகேல்ல எண்டு நினைச்சன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதனால்தான் நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் அச்சகத்தில் அச்சுப் பிளேட் போடுகிறவர் மாளிகாவத்தையிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. ஒருநாள் சின்ன எழுத்து புரூப் ஒன்றுக்காக அக்காவின் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிப் போயிருந்தேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் கதையை அவரிடம் பெருமையாக அவிழ்த்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த நானா ஒரு பிஸ்கட் லேபிளை எடுத்து என் முன்னால் போட்டார்.

"இதப் பாருங்க புள்ள, ஒங்கட கண்ணாடியால."

பார்த்தேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. வரிசை வரிசையாக.

"அது நாங்க போடுற புள்ளி. கலர்ப் படம் அச்சடிக்கிறண்டா நாலு கலராப் பிரிச்சுப் புள்ளியாத்தான் அடிக்கணும். பிஸ்கட்டா இருந்தாலும் ஒண்டுதான், கடலா இருந்தாலும் ஒண்டுதான். படம் கீறின மனுசனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்ப அக்கா..."

"அவங்க மெஷினப் பாத்துக் கொப்பி பண்ணீக்கிறாங்க." நானா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "சொல்லிடாதீங்க புள்ள. ஆசையாச் செய்றாங்க. கெடுக்க வாணாம்."

சொல்லவில்லை. அது என் நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். எந்நேரமும் என்னைத் திருத்துகிற ஒருவரைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் கையில் இருந்தது. அதை வைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது. அவர் வெளிச்சம் பற்றிப் பேசும்போதெல்லாம் உள்ளுக்குள் பிஸ்கட் லேபிளை நினைத்துக்கொள்வேன். அப்படி இரண்டு மாதம் போனது.

நகரத்தில் எங்கோ குண்டு வெடித்து இரண்டாம் நாள். அச்சகத்தில் அவசர வேலை, பின்னேரம் என்னால் வர முடியவில்லை. இன்றைக்குப் போகாதீங்க என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். அக்காவிடம் சொன்னது சுவரிடம் சொன்னது மாதிரி. நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வீட்டுக்கார அன்ரி வாசலிலேயே நின்றார்.

"பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் பிள்ளை. பலகையோட. கரையைக் கீறினவ எண்டு."

அந்த நாட்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தடுப்புக்காவல் கடதாசியில் ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால் எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படிப் போன இருவர் வருடம் கடந்தும் வரவில்லை. கையெழுத்து விழுமுன் அக்காவை வெளியே எடுக்க வேண்டும். அன்ரிக்குச் சிங்களம் வராது, வரப் பயமும். நான் பதிவுத் துண்டுகளை எடுத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஏறினேன்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இருக்கட்டும். உள்ளே ஒரு நீள மர வாங்கில் அக்கா முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசை மேல் பலகை, நான்கு மைப் போத்தல், அக்காவின் கைப்பையிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடி. மேசைக்குப் பின்னால் ஐம்பது வயதுள்ள ஓர் அதிகாரி, களைத்துப்போன மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியது அந்தப் புள்ளிகளுக்கு ஒரு காரணம். அக்கா தன் கந்தோர்ச் சிங்களத்தில் ஏற்கெனவே எல்லாக் கேள்விக்கும் உண்மையே சொல்லியிருந்தார். இது என்ன? வெளிச்சம். உங்கள் தொழில் என்ன? வரைபடம் கீறுவது. இவ்வளவு காலம் ஏன்? வெளிச்சம் தினம் பத்து நிமிஷம்தான் வரும். இதைவிட மோசமான பதில்களை யாராலும் யோசித்துச் சொல்லியிருக்க முடியாது.

இது ஏதோ சங்கேதம் என்று மேலிடத்துக்கு அனுப்பப் போகிறேன், அவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்றார் அதிகாரி. கடதாசி அவர் முன்னால் தயாராக இருந்தது. பேனை மூடி கழற்றியிருந்தது.

என் கண் சுவரில் தொங்கிய கலண்டரில் விழுந்தது. நீர்வீழ்ச்சிப் படம்.

என்ன செய்யப் போகிறேன் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு வழி தெரியவில்லை. அக்காவைப் பார்க்காமல் சிங்களத்தில் பேசினேன். சேர், தயவுசெய்து இந்தக் கண்ணாடியால் அந்தக் கலண்டரைப் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பார்த்தார். நீர்வீழ்ச்சியைப் பார்த்தார், பக்கத்து மரத்தைப் பார்த்தார். மேசையிலிருந்த பத்திரிகையில் மந்திரி ஒருவரின் முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து அக்காவின் பலகையைப் பார்த்தார்.

"அச்சடிக்கிற எல்லாப் படத்திலும் இது இருக்கு சேர். மெஷின் போடுகிற புள்ளி. நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன், எனக்குத் தெரியும். இந்த அம்மாவுக்குத் தெரியாது. கலண்டரைப் பார்த்து, ஓவியர்தான் இப்படிப் புள்ளி வைத்திருக்கிறார் என்று நம்பி, இத்தனை வருடமாகக் கையால் செய்துகொண்டிருக்கிறார். சங்கேதம் ஒன்றும் இல்லை. வெறும் பிழை. பவ், சேர்."

பாவம் என்று சொன்னேன். அக்காவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும்.

அதிகாரி சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடி கைமாறியது. ஒரு கான்ஸ்டபிள் லொத்தர்ச் சீட்டைப் பார்த்தார், இன்னொருவர் தீப்பெட்டியைப் பார்த்தார். எல்லாவற்றிலும் புள்ளி. "மெஷின் வேலையைக் கையால் செய்கிற பிஸ்ஸு நோனா" என்று, பைத்தியக்கார அம்மா என்று, ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பைத்தியம் என்றால் வீட்டுக்குப் போகலாம். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனையை மூடினார். பலகையைத் திருப்பித் தரக் கையிலெடுத்தவர், இடது பக்கத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். கல்லின் மேல் கறுப்பும் ஊதாவுமாக ஒரு குவியல்.

"இது என்ன? காவலரணா?" சிரிப்பு நின்றது.

அக்கா தலையை நிமிர்த்தினார். "நிழல், சேர்" என்றார் சிங்களத்தில்.

"எதன் நிழல்?"

"கல்லின் நிழல்."

அதிகாரி இன்னொரு தடவை பார்த்தார். இனிக் கரைப் பக்கம் கண்டால் விடமாட்டேன் என்று எச்சரித்து, பலகையை நீட்டினார்.

காலி வீதி வழியாக நடந்து வந்தோம். நான் என்னென்னவோ பேசினேன். வேறு வழி இருக்கவில்லை அக்கா, கடதாசி எழுதப் போனாரு அக்கா, நானாதான் சொன்னாரு அக்கா. அவர் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் நின்றார்.

"இல்லைப் பிள்ளை. அந்தப் பிரெஞ்சுக்காரர், புள்ளியை அவர் வைச்சவர்."

"அக்கா, அது அச்சுப் புள்ளி..."

"நான் அச்சைச் சொல்லேல்ல. அந்தக் கலண்டர்க் கடலைச் சொல்லுறன். கலந்த நிறத்தால அப்பிடி ஒரு கடல் வராது. அவர் வைச்சவர்தான்."

பிடிவாதம் என்று நினைத்தேன். ஐயோ, இந்த மனுஷியால் பிழையை ஒத்துக்கொள்ளவே முடியாதா என்று பரிதாபப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அன்ரி வீடு கழுவினார். கோடு அழிந்தது. அக்கா அடிமட்டத்தை எடுக்கவில்லை. என்மேல் அவர் கோபப்பட்டதாக ஒருநாளும் காட்டியதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அரை வருடம் கழித்து, முன்கூட்டியே பென்ஷன் எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்த தங்கையிடம் போனார். போகும்போது வரைபடம் போடுகிற தகரக் குழாய் ஒன்றை என் கையில் தந்தார். "வைச்சிரும். முடியேல்லத்தான்." இரண்டு கடிதம் வந்தது. பிறகு, அவர் காலமான செய்தி, அதுவும் பிந்தித்தான் வந்தது.

குழாயை நான் திறக்கவில்லை. வீடு மாறியபோதெல்லாம் கூடவே வந்தது. கலியாணம் ஆனது, மகள் பிறந்தாள், யுத்தம் முடிந்தது, வெள்ளவத்தையிலேயே தொடர்மாடி ஒன்றில் சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். அலுமாரிக்கு மேலே அது தூசி பிடித்துக் கிடந்தது. தூசி தட்டுவேன், மூடியில் கை வைக்க மாட்டேன். அந்த அறையும் அந்தச் சிரிப்பும் ஞாபகம் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன், மேற்படிப்புக்காக ஐரோப்பாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனேன். மழை நாள். ஒதுங்க ஓரிடம் வேண்டும் என்று ஓவியக் கூடம் ஒன்றுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது மண்டபத்தில் ஒரு கடற்கரை தொங்கியது. எங்கள் கலண்டர்ப் படமல்ல, ஆனால் அதே வகைக் கடல், அதே சாயங்காலம். கிட்டப் போனேன்.

புள்ளிகள். அச்சு அல்ல. தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக வைத்தது. சில உளுந்தளவு, சில அதைவிடச் சின்னது. நீலத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள். பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் துணியிலிருந்து கொஞ்சம் புடைத்து நின்றது. அப்படிப் புள்ளி வைத்தே கீறிய ஒரு கூட்டம் அந்தக் காலத்தில் இருந்தது என்று பக்கத்துப் பலகையில் எழுதியிருந்ததை மகள் வாசித்துச் சொன்னாள்.

நானா சொன்னதும் சரிதான், கலண்டரில் அக்கா கண்ணாடியால் பார்த்தது அச்சு மெஷினின் புள்ளிதான். ஆனால் அந்தத் தாளுக்கு வெகுகாலம் முன்னால், எங்கோ ஒரு கரையில் ஒரு மனிதர் உண்மையாகவே குந்தியிருந்து புள்ளி வைத்திருக்கிறார். அது கண்ணாடிக்குத் தெரியவில்லை. அக்காவின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வைச்சவர்.

காவலாளி வந்து ஏதோ சொன்னார். "அம்மா, பின்னுக்கு நிக்கட்டாம். கோடு இருக்கு பாருங்க" என்றாள் மகள். தரையில் ஒரு கோடு இருந்தது. நான் அதை மிதித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்த மறுநாளே ஸ்டூலில் ஏறிக் குழாயை இறக்கினேன். தாள் சுருண்டு சுருண்டு போனது. நான்கு மூலையிலும் ஆணி குத்தி, வாசலுக்கு நேர் எதிரே கூடத்துச் சுவரில் மாட்டினேன். வலது கீழ் மூலை வெறும் வெள்ளையாகவே இருந்தது. வராமல் போன மாலைகள். ஏழு அடி அளந்தேன். எங்கள் கூடம் அவ்வளவு அகலமில்லை. கதவைத் திறந்து, வெளிநடையில், எதிர்வீட்டு வாசல் அருகே சோக்கால் கோடு போட்டேன். அதில் நின்று பார்த்தேன்.

கடல் இருந்தது. கல்லோரம் ஊதா, நடுவில் பித்தளை மஞ்சள், இடையில் பெயரில்லாத அந்த நிறம். மூன்று வருடம் நான் பக்கத்திலேயே இருந்தும் பார்க்காத வெளிச்சம். ஏனென்றால் நான் எந்த நாளும் கடலுக்கு முதுகைக் காட்டி, காவலரணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது பக்கத்தில், அதிகாரி விரல் வைத்த இடத்தில், நிழல் எதுவும் இல்லை. வெயில் கடல் பக்கமிருந்து வரும்போது கல்லின் நிழல் கல்லுக்கு மேலே விழாது. அக்காவுக்கு அப்படி ஒரு பிழை வராது. கல்லின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒற்றைப் பின்னல். மடியில் மடித்த குடை. கழுத்தைத் திருப்பி ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் படத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பதாகத்தான் எந்நாளும் நினைத்திருந்தேன். அவர் கண்ணுக்கு முன்னால் இருந்ததை அவர் வைத்துவிட்டார். அன்றைக்கு அந்த மேசையில் இது ஓர் ஆள் என்று அவர் சொல்லியிருந்தால், எந்த ஆள், குடையோடு அங்கே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அந்த ஆள் அதே அறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். இல்லாத வெளிச்சத்துக்கு ஒரு புள்ளி வைக்காத மனுஷி. நான் எல்லோருக்கும் முன்னால் அவரைப் பாவம் என்று சொல்லிச் சிரித்த பிறகு, நிமிர்ந்து, "நிழல், சேர்" என்றார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "என்ன அன்ரி, ஏன் வெளியில நிண்டு அழுறீங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, கோட்டில் நிறுத்தினேன்.